சும்மா நிற்கும் வண்டி

சென்ற ஐப்பசியில், அடைமழை நாளொன்றின் இரவு இரண்டு மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சை அடைப்பதுபோல வலி வந்தது. அப்பா போனபிறகு திருச்சி தில்லைநகர் வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் பெங்களூரில். எதிர்வீட்டுத் தம்பிக்குக் கார் ஓட்டத் தெரியும். அவசரத்துக்கு என்று சாவி இருக்குமிடத்தை அவனிடம் சொல்லி வைத்திருந்தோம். ஓடிவந்தான். அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து சாவியைத் திருப்பினான். டேஷ்போர்டு விளக்கு மின்மினிப்பூச்சி மாதிரி ஒருதரம் மினுங்கிவிட்டு அணைந்தது. அவ்வளவுதான்.

ஃபோனில் அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணே, செல்ஃபே எடுக்கலண்ணே."

தெருமுனையில் படுத்திருந்த ஆட்டோக்காரரை எழுப்பி, மழையில் அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்க்க இருபத்தைந்து நிமிடம் கூடுதலாக ஆனது. இதயம் இல்லை, பித்தப்பையில் கல் என்று விடிந்தபிறகு தெரிந்தது. நல்லவேளை. ஆனால் அது இதயமாக இருந்திருந்தால் என்ற எண்ணம் என்னை இன்றுவரை விடவில்லை. அப்பா பத்து வருடம் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி, தேவைப்பட்ட ஒரே இரவில் பொம்மையாக நின்றது. நான் அதைக் கடைசியாக ஓட்டி ஏழு வாரம் ஆகியிருந்தது.

மறுநாள் மத்தியானம் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 10.2 வோல்ட். முழுதாக நிரம்பிய பேட்டரி 12.6-லிருந்து 12.7 காட்டும். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. இது காலியையும் தாண்டிப் போயிருந்தது. கடையில் சோதித்துவிட்டு, "செல் போயிடுச்சு சார். புதுசு போட்டாலும் இப்படி நிறுத்தியே வச்சீங்கன்னா இதே கதைதான்" என்றார்கள்.

ஓடினால் தேயும், உழைத்தால் களைக்கும், சரி. சும்மா நின்றதற்கு ஒரு பொருள் ஏன் சாக வேண்டும்? கடைக்காரர் ஒரு டிரிக்கிள் சார்ஜர் வாங்கி மாட்டச் சொன்னார். வாங்கப் போனால் எண்ணூறு ரூபாய் டப்பாவிலிருந்து பல ஆயிரம் ரூபாய்ச் சமாச்சாரம்வரை இருந்தது. எல்லாவற்றிலும் ஒரு பச்சை விளக்கு. எதை நம்புவது என்று தெரியாமல் படிக்க ஆரம்பித்தேன். படித்தது நூற்று அறுபது வருடம் பின்னால் கொண்டுபோய்விட்டது.

நிரப்பிவைக்கும் பெட்டி

1859-இல் பாரிசில் காஸ்டன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளை, இடையில் ரப்பர்ப் பட்டைகள் வைத்து, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி நீர்த்த கந்தக அமிலத்தில் நிறுத்தினார். அதற்கு முந்தைய மின்கலங்கள் எல்லாம் ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். இதை மறுபடி மறுபடி நிரப்பலாம். அடுத்த வருடம் இப்படி ஒன்பது கலங்கள் சேர்ந்த பெட்டியைப் பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் காட்டினார். (இந்த மனிதர் இளவயதில் பாரிசுக்கு அருகே ஒரு ராட்சதப் பறவையின் புதைபடிவத்தைக் கண்டெடுத்தவர். காஸ்டோர்னிஸ் என்று அதற்கு இவர் பெயரையே வைத்தார்கள்.)

நிரப்பலாம், சரி. எதை வைத்து நிரப்புவது? நடைமுறைக்கு உதவும் டைனமோ அன்று கிடையாது. பழையவகை மின்கலங்களைக் கொண்டுதான் பிளாந்தே தன் கலத்தை நிரப்பினார். தகடுகள் பக்குவப்பட, நிரப்பிக் காலிசெய்து, திருப்பிப்போட்டு நிரப்பிக் காலிசெய்து, வாரக்கணக்காகப் பொறுமை வேண்டியிருந்தது. பக்கத்திலேயே ஓர் ஆள் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பிறந்த நாளிலிருந்தே இந்தப் பொருளின் சுபாவம்.

அந்தப் பொறுமையைக் குறைத்தவர் கமீல் ஃபோர். ஈய ஆக்சைடைப் பசையாக்கித் தகட்டில் பூசினார். இட்லித் தட்டில் மாவு ஊற்றுவதுபோல. கொள்ளளவு ஏறியது, பக்குவப்படுத்தும் காலம் சுருங்கியது. 1881-இல் அவருடைய கலங்கள் அடங்கிய பெட்டி ஒன்று பாரிசிலிருந்து கிளாஸ்கோவுக்கு, பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சனிடம் போனது. பத்து லட்சம் அடி-பவுண்டு ஆற்றல் அடங்கிய 'மின்சாரப் பெட்டி' என்று லண்டன் பத்திரிகைகள் அதிசயித்தன. மின்சாரத்தைப் பெட்டியில் அடைத்துக் கடல் தாண்டி அனுப்ப முடியும் என்பதே அன்று செய்தி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது சுமார் 0.38 யூனிட். அப்பாவின் காரில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் 0.42 யூனிட். ஐரோப்பாவே வியந்த அதிசயப்பெட்டி அளவு ஒன்று நம் பானெட்டுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிறது.

நான் கேட்ட கேள்விக்குப் பதிலும் அந்தக் காலத்திலேயே கிடைத்துவிட்டது. கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இரண்டு ஆங்கில வேதியியலாளர்கள் 1882-இல் அதை எழுதினார்கள். பேட்டரி காலியாகும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. நிரப்பும்போது சல்பேட் கரைந்து பழையபடி ஆகிறது. உடனுக்குடன் நிரப்பினால் அது மாவுபோல நுண்ணிய படிகம், சுலபமாகக் கரையும். அப்படியே விட்டுவைத்தால் சிறு படிகங்கள் ஒன்றாகச் சேர்ந்து பெரிதாகும். சர்க்கரைப் பாகை அசைக்காமல் வைத்தால் கற்கண்டு விளையுமே, அதுமாதிரி. கற்கண்டாகிவிட்ட சல்பேட்டை மறுபடி மின்சாரத்தால் கரைப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். தகட்டின் அந்தப் பகுதி செத்ததுதான். அதாவது பேட்டரியைக் கொல்வது, காலியான நிலையில் அதைக் கிடக்கவிடுவதுதான்.

செல்ஃப்

எங்கள் பெரியப்பாவிடம் ஓர் அம்பாசடர் இருந்தது. மார்கழிக் காலையில் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றுவார். சிறுவர்களான எங்களை எட்ட நிற்கச் சொல்வார். "திருப்பி அடிச்சுதுன்னா கை மணிக்கட்டோட போயிடும்டா." அது வெறும் மிரட்டல் இல்லை. அமெரிக்காவில் பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர் 1908-இல் இறந்ததற்கு, இப்படித் திருப்பியடித்த ஹேண்டிலால் பட்ட காயமே காரணம் என்று ஒரு கதை உண்டு. விவரங்களில் ஆளுக்கொரு பாடம். ஆனால் கார்ட்டரின் நண்பரும் காடிலாக் நிறுவனத்தின் தலைவருமான ஹென்றி லேலண்ட், ஹேண்டிலை ஒழித்துக்கட்ட முடிவுசெய்தார்.

அந்த வேலை டேட்டன் நகரத்து சார்லஸ் கெட்டரிங்கிடம் வந்தது. மின்மோட்டாரால் கார் எஞ்சினைச் சுற்ற வேண்டுமென்றால் எஞ்சின் அளவுக்கே மோட்டார் வேண்டும் என்று மற்றவர்கள் கைவிட்டிருந்தார்கள். கெட்டரிங் அதற்குமுன் கடைகளின் பணப்பெட்டிக்கு மின்மோட்டார் வைத்தவர். கல்லாப்பெட்டி நாள்முழுதும் ஓடுவதில்லை. திறக்கும் கணத்தில் மட்டும் ஓர் உதை போதும். காருக்கும் அதேதான். சில நொடிகள் மட்டும் மோட்டாரைத் தன் சக்திக்கு மீறி உழைக்க விட்டால் போதும். 1912 மாடல் காடிலாக்கில் இந்தச் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. நம் ஊரில் 'ஸ்டார்ட்டர்' உதிர்ந்து வெறும் 'செல்ஃப்' நின்றுவிட்டது.

அந்த ஏற்பாட்டில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. எஞ்சினை உசுப்பிய அதே இயந்திரம், எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் டைனமோவாக மாறி பேட்டரியை நிரப்பியது. பிளாந்தே காலத்திலிருந்து பக்கத்தில் ஆள் தேவைப்பட்ட பேட்டரிக்கு, எஞ்சினே ஆளாக வந்து சேர்ந்தது. கடன்வாங்கி உடனே திருப்பிக்கொடுக்கும் ஒரு கணக்கு. 1919-இல் ஃபோர்டின் மாடல் டி-க்கும் செல்ஃப் வந்தபிறகு, இது கார் உலகத்தின் பொதுவிதி ஆயிற்று.

அந்தக் கணக்கில் சொல்லப்படாத ஒரு நிபந்தனை இருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கார் பேட்டரி என்ற பொருளே, தினமும் வெளியே போகிற ஒரு மனிதனை மனதில் வைத்து ஆனது. அவன் இறந்துபோனால், ஊரைவிட்டுப் போனால், வயதாகி ஓட்டுவதை நிறுத்திவிட்டால், அந்தக் கணக்கில் அவர்களுக்கு இடமில்லை.

நிறுத்தத் தெரிவது

இது அன்றே தெரிந்த சங்கடம்தான். பனி விழும் ஊர்களில் அக்காலத்தில் பலர் குளிர்காலம் முழுக்கக் காரை நிறுத்தி வைத்துவிடுவார்கள். காலியான பேட்டரியின் அமிலம் நீர்த்திருக்கும். உறைந்து பெட்டியையே விரிக்கும். அதனால் பேட்டரியைக் கழற்றி ஒரு கடையில் விடுவார்கள். கார் பேட்டரி பராமரிப்பு பற்றி ஓ. ஏ. விட்டி என்பவர் எழுதிய தடிமனான புத்தகம் ஒன்றின் 1922-ஆம் ஆண்டுப் பதிப்பைப் பார்த்தேன். குளிர்காலச் சேமிப்புக்கு ஈரமுறை, உலர்முறை என்று இரண்டு வழிகள் அதில் விலாவரியாக இருக்கின்றன. ஈரமுறை என்றால் பேட்டரியை அப்படியே வைத்து, அவ்வப்போது தண்ணீர் பார்த்து, சார்ஜ் ஏற்றுவது. உலர்முறை என்றால் தகடுகளையே பிரித்தெடுத்து வைப்பது.

எனக்குப் பாலக்கரையில் நாங்கள் போகும் பேட்டரிக் கடை நினைவுக்கு வந்தது. அப்பா பேட்டரியை சைக்கிள் கேரியரில் டியூப் ரப்பரால் கட்டி எடுத்துப்போவார். உள்ளே வரிசையாகப் பேட்டரிகள் நுரைத்துக்கொண்டிருக்கும். தொண்டையைக் கரகரக்கும் ஆசிட் வாசனை. முதலாளி ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லாக விட்டு உறிஞ்சி, மிதவையைப் பார்த்து, "ரெண்டு நாள் ஸ்லோ சார்ஜ்ல கெடக்கட்டும் சார், அவசரப்படாதீங்க" என்பார். அந்தக் கடையின் தொழில்ரகசியம் அந்த 'அவசரப்படாதீங்க'தான் என்பது இப்போது புரிகிறது.

வீட்டிலேயே சார்ஜ் செய்ய வழி வந்தது 1916 வாக்கில். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் டங்கர் என்ற குமிழ். டங்ஸ்டன் இழை, ஆர்கான் வாயு; இரண்டின் பெயரையும் சேர்த்து டங்கர். வீட்டு மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற நேர்மின்னோட்டமாக அது மாற்றியது. ஆனால் அதற்கு நிரப்பத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது. ராத்திரி மாட்டிவிட்டு மறந்து தூங்கினால் பேட்டரி விடியவிடியக் கொதிக்கும். தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து போகும், தகடு அரிக்கும். காருக்குள் இருந்த டைனமோவுக்கும் அதே குறை. அன்றைய மூன்றாம் பிரஷ் டைனமோக்கள் பேட்டரி நிரம்பிவிட்டதா என்று பார்க்காமல் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தன. அதனால் நீண்ட பயணங்களில் பட்டப்பகலிலும் ஹெட்லைட்டைப் போட்டு ஓட்டும்படி அறிவுரை சொல்வார்கள். மிகுதியை எரித்துத் தொலைக்க வேறு வழியில்லை! வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் பரவலானபிறகே இது தீர்ந்தது.

நிற்கும் பேட்டரியை எப்படி வாழவைப்பது என்று உண்மையில் கற்றுக்கொண்டது கார்க்காரர்கள் இல்லை, டெலிஃபோன்காரர்கள். எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரி வருடக்கணக்கில் ஒரே அறையில் நிற்கும். என்றைக்கோ கரண்ட் போகிற நேரத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு செட் வைத்து, ஒன்று உழைக்கும்போது மற்றதை நிரப்பினார்கள். பிறகு ஒரே செட்டை எப்போதும் ஒரு குறிப்பிட்ட வோல்ட்டில் பிடித்துவைக்கும் முறைக்கு வந்தார்கள். தன் இயல்பான கசிவுக்கு எவ்வளவோ அவ்வளவை மட்டும் பேட்டரி எடுத்துக்கொள்ளும். இதற்கு மிதவை சார்ஜ் என்று பெயர். 1935-இல் பெல் ஆய்வகத்தின் ஹேரிங், தாமஸ் இருவரும் தகட்டு ஈயத்தில் ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம் சேர்க்கலாம் என்று காட்டினார்கள். கசிவு வெகுவாகக் குறைந்தது. அந்தக் கால்சியம் கார் பேட்டரிக்கு வந்து, 'தண்ணீர் ஊற்ற வேண்டாம்' என்ற விளம்பரத்தோடு கடைக்கு வந்தது 1970-களில்தான். எக்ஸ்சேஞ்சில் கற்ற பாடம் தெருவுக்கு வர முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இன்றைய பேட்டரி மெயின்டெய்னர் என்பது எக்ஸ்சேஞ்ச் அறையைக் கைப்பிடியளவுக்குச் சுருக்கியது, அவ்வளவே. முதலில் நிரப்பும், 14.4 வோல்ட் அளவில் கொஞ்சநேரம் பிடிக்கும், பிறகு 13.5 வாக்கில் இறங்கி மிதக்கவிடும். நம் வீடுகளுக்கு இது புதிதும் இல்லை. மணிக்கணக்கில் கரண்ட் போன வருடங்களில் வாங்கிய இன்வர்ட்டர்கள் கூடத்து மூலையில் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆண்டில் பாதிநாள் தேவையே இல்லாத அந்த பேட்டரியை நாம் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம். வாசலில் நிற்கும் காருக்கு மட்டும் யாரும் இல்லை.

வாங்கியது

புது பேட்டரி போட்டதும் முதலில் கசிவை அளந்தேன். வண்டியைப் பூட்டிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 30 மில்லி ஆம்பியர். சென்ட்ரல் லாக், அலாரம், ரேடியோ நினைவகம் எல்லாம் சேர்த்து. இந்தக்காலக் கார்களுக்கு இது நோய் இல்லை, மூச்சு. ஆனால் ஒருநாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. ஏழு வாரத்துக்குப் பெருக்கினால் 35. பேட்டரியின் கொள்ளளவும் 35. காகிதத்தில் அதைப் பார்த்ததும் கொஞ்சநேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த இரவு விபத்தில்லை. நான் வராத ஏழு வாரத்தின் கூட்டுத்தொகை.

"தினம் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடச் சொல்லு, போதும்" என்று மாமா சொன்னார். நிறையப் பேர் சொல்வதுதான். ஸ்டார்ட் செய்ய எடுத்ததோடு, ஃபேன், விளக்கு, எஞ்சின் எல்லாம் எடுப்பதுபோக, நின்ற இடத்தில் மெதுவாகச் சுற்றும் ஆல்டர்னேட்டர் பத்து நிமிடத்தில் பேட்டரிக்குத் திருப்பித் தருவது சொற்பம். சைலன்சரில் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம். நெகட்டிவ் முனையைக் கழற்றி வைக்கலாம், செலவில்லாத வழி. ஆனால் இரவு இரண்டு மணிக்கு, மழையில், பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு யார் நிற்பது? எனக்கு வேண்டியது எந்த நிமிடமும் தயாராக இருக்கும் வண்டி.

ஆகவே மெயின்டெய்னர். ஆம்பியரில் மயங்கவில்லை. ஒரு ஆம்பியர் போதும். 30 மில்லி ஆம்பியர் கசிவை ஈடுகட்டப் பத்து ஆம்பியர் எதற்கு? 'டிரிக்கிள்' என்று மட்டும் எழுதி, எத்தனை வோல்ட்டில் மிதக்கவிடும் என்று சொல்லாத எண்ணூறு ரூபாய் டப்பாவை ஒதுக்கினேன். அது டங்கரின் பேரப்பிள்ளையாக இருக்கலாம். அடுத்து வெயில். 13.5 என்பது 25 டிகிரிக்கான கணக்கு. ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் சுமார் 20 மில்லி வோல்ட் குறைக்க வேண்டும். சித்திரையில் திருச்சி 40 டிகிரி போகும், அப்போது 13.2-தான் சரி. இல்லாவிட்டால் காப்பாற்ற வாங்கியதே பேட்டரியைக் காயவைக்கும். வெயிலைப் பார்த்துத் தானே இறங்குகிற ஒன்றாகத் தேடினேன். குளிர்நாட்டுக்காரர்களுக்கு உறைபனி எதிரி என்றால் நமக்கு வெயில்; பேட்டரியின் கசிவும் பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிக்கும்.

மூன்றாவதாக ஒன்று. கரண்ட் போய் வந்தால் தானாக வேலையைத் தொடருமா? சில மாடல்களில் மறுபடி பட்டனை அழுத்தினால்தான் தொடங்கும். அம்மா ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் போர்ட்டிகோவுக்கு ஓட முடியாது. கடைசியாக, அதிலிருந்த 'ஏஜிஎம்' பட்டனைத் தொடவில்லை. கண்ணாடியிழைப் பஞ்சில் அமிலத்தை உறிஞ்சிவைத்திருக்கும் பேட்டரிக்கானது அது. சாதாரண பேட்டரிக்குக் கூடுதல் வோல்ட். செத்த பேட்டரியை உயிர்ப்பிக்கும் என்று எழுதியிருந்த பட்டனுக்காகவும் பணம் கொடுக்கவில்லை. கற்கண்டைக் கரைப்பதாகச் சொல்லும் வாக்குறுதியை விட, விளையாமல் பார்த்துக்கொள்வது மேல்.

காற்றோட்டமான போர்ட்டிகோதான், இருந்தாலும் ஹைட்ரஜன் விஷயத்தில் விளையாடக் கூடாது. பாசிட்டிவை முதலில் மாட்டி, நெகட்டிவை பேட்டரியிலிருந்து தள்ளி பாடி இரும்பில் மாட்டி, அதற்குப் பிறகே பிளக்கில் ஸ்விட்ச். ஒயர் நிரந்தரமாக வெளியே வரும்படி, இழுத்தால் கழலும் இணைப்பு வைத்தேன். அவசரத்தில் ஒயரோடு ஓட்டிவிடக் கூடாதே என்று ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்பு ரிப்பன். எதிர்வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு மூன்று தடவை ஒத்திகை பார்த்தேன். மறுநாள் மீட்டரை வைத்தேன். 13.4 வோல்ட்.

இது பேட்டரிக்கு மட்டும்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டயர் ஒரே இடத்தில் அமுங்கும், பெட்ரோல் பழசாகும், பிரேக் துருவேறும். பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அரைமணி நேரம் வண்டி ரோட்டில் ஓடியாக வேண்டும். அந்த வேலையைச் செய்யும் டப்பா கடையில் இல்லை.

இப்போது தினமும் ராத்திரி ஃபோனில் பேசும்போது அம்மா சாப்பாடு, மாத்திரை, பக்கத்துவீட்டு நியூஸ் எல்லாம் முடிந்தபிறகு, "பச்சை எரியுதுடா" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பாள். வாசல் விளக்கைப் போடும்போது அதையும் ஒருதரம் எட்டிப் பார்த்துவிடுகிறாளாம்.

போன வாரம் கூடவே ஒன்று சொன்னாள்.

"வண்டி சும்மா நின்னா கெட்டுப்போயிடும்னு மெஷின் வாங்கி மாட்டிட்ட. சரி. நீ எப்ப வர்ற?"

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.